பள்ளிக் கொட்டகையும் அதன் தவணையும்

“இப்போதைக்கு” என்னும் ஒரு சொல் எத்தனையோ மனக்குறைகளை அடக்கிவிடும். பிள்ளைகள் பெருகி, இருக்கின்ற அறைகள் போதாமற்போன பள்ளிக்கூடத்தில், “இப்போதைக்கு ஒரு கொட்டகை போட்டுக்கொள்வோம், நல்ல கட்டடம் பின்னர் வரும்” என்று பொறுப்பிலுள்ளோர் கூறுவர். பெற்றோரும் சரியென்று தலையசைத்து வீடு திரும்புவர். இதிற் பிழையொன்றுமில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் காத்திருக்கும். ஆறு வயதுப் பிள்ளை காத்திராது. ஓராண்டு கடந்தால் அதற்கு வயது ஏழு. இழந்த ஆண்டை எந்தச் சர்க்காரும் அதற்குத் திருப்பித் தர முடியாது. ஆதலின் கொட்டகை போடுவது குற்றமன்று. அக்கொட்டகைக்குத் தவணை எவ்வளவு, தவணை முடியும் நாளில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்னும் இரண்டு கேள்விகளையும் கேளாமல் விடுவதே குற்றம் என்பது நமது கருத்து.

இக்கருத்தை விளக்க இங்கிலாந்து தேசத்தின் பள்ளிக்கூட வரலாற்றை எடுத்துக்கொள்கின்றோம். வளர்ந்து வரும் பள்ளிக்குத் தற்காலிக அறை அமைப்பதற்கும் முன்கூட்டி அனுமதி பெறவேண்டும், அந்த அனுமதிக்கு ஒரு முடிவுநாள் குறிக்கலாம் என்ற ஏற்பாடு அங்கே சட்டமாக உண்டு. மலாயாவை ஆண்ட தேசமும் அதுவே. இன்றைய மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டமும் அந்நாட்டு முறையைத் தழுவி எழுந்ததே. ஆகவே, அவர்கள் செய்ததும் செய்யத் தவறியதும் நமக்குத் தூரத்துச் செய்திகள் அல்ல.

வயது உயர்ந்தது, இடம் குறைந்தது

இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் கல்வியை நெடுங்காலம் தேவாலயங்களும் தர்ம சங்கங்களுமே நடத்தி வந்தன. அவற்றால் எட்ட முடியாத ஊர்களிற் பொதுப் பணத்திற் பள்ளி அமைக்க 1870ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்தது. ஊர்தோறும் மக்கள் தேர்ந்தெடுத்த பள்ளிச் சபைகள் தோன்றின. ஆனால், சபை தோன்றிய மறுநாளே கட்டடம் முளைத்துவிடுமா? லண்டன் பள்ளிச் சபை பிரார்த்தனை மண்டபங்களையும் வேறு கூடங்களையும் வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளை உட்கார வைத்தது. நெளிதகரத்தாலான கொட்டகைகளையும் பயன்படுத்தியது. பின்னர் மாடிகளுடன் கூடிய செங்கற் பள்ளிகள் எழுந்தன. அவற்றிற் சில இன்றும் நிற்கின்றன.

1880இற் பள்ளிக்கு வருவது கட்டாயமாயிற்று. அப்போது பத்து வயதுவரை படித்தாற் போதும். 1893இல் அது பதினொன்றாயிற்று, 1899இற் பன்னிரண்டாயிற்று, 1918ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பதினான்காக்கிற்று. வயதெல்லை உயர்ந்த ஒவ்வொரு முறையும், நேற்றுவரை ஆலையிலோ வயலிலோ நின்ற ஒரு வகுப்புப் பிள்ளைகள் பள்ளியின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். சட்டத்தின் ஒரு வரியை மாற்றப் பார்லிமெண்டுக்குச் சில மாதங்கள் போதும். அந்த ஒரு வரிக்கு வேண்டிய அறைகளைக் கட்டப் பல ஆண்டுகள் வேண்டும். இடையிலுள்ள அக்காலத்தை நிரப்பியது கொட்டகையே.

வயதெல்லையைப் பதினைந்தாக உயர்த்த 1936இற் சட்டம் செய்தார்கள். அது நடைமுறைக்கு வரக் குறித்த நாள் 1939 செப்டம்பர் 1. அன்றுதான் ஜெர்மானியப் படைகள் போலந்துக்குள் புகுந்தன. இரண்டு நாள் கழித்துப் பிரிட்டன் போர்ப் பிரகடனம் செய்தது. பிள்ளைகளுக்குக் குறித்த நாள் போருக்குரிய நாளாகிவிட்டது. சட்டம் மடித்து வைக்கப்பட்டது.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1944இல், கல்வி மந்திரி பட்லர் கொண்டுவந்த பெரிய கல்விச் சட்டம் நிறைவேறியது. மேல்நிலைக் கல்வி யாவர்க்கும் இலவசம் என்பதும், வயதெல்லை பதினைந்து என்பதும் அதன் உயிர்நிலை. 1945 ஏப்ரலில் உயர்த்த வேண்டிய வயதெல்லையை இரண்டு ஆண்டு தள்ளிவைக்க அச்சட்டமே இடந்தந்தது. அதற்குமேல் தள்ள இடந்தரவில்லை. 1947 ஏப்ரல் 1 என்று முடிவுநாள் நின்றது. இந்த முடிவுநாளை வாசகர்கள் கவனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். நம் கதைக்கு அதுவே அச்சாணி.

ஹார்சாக் கொட்டகைகள்

போர் முடிந்தபோது நிலைமை என்ன? குண்டு வீச்சால் ஆயிரக்கணக்கான பள்ளிகள் சேதமுற்றிருந்தன. மரமில்லை, இரும்பில்லை, வேலையாட்கள் இல்லை. வீடிழந்த மக்களுக்கு வீடு கட்டுவதே முதல் வேலையாக இருந்தது. 1945இற் பதவியேற்ற தொழிற்கட்சிச் சர்க்காரிற் கல்வி மந்திரியாக வந்தவர் எல்லன் வில்கின்சன் என்னும் அம்மையார். அந்நாட்டிற் கல்வி மந்திரி பதவி வகித்த முதற் பெண்மணி அவரே. 1891இல் மான்செஸ்டர் நகரில் ஆலைத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்து, உபகாரச் சம்பளம் பெற்றுப் பல்கலைக்கழகம் வரை சென்றவர். வேலையில்லாத தொழிலாளர்கள் 1936இல் ஜாரோ என்னும் ஊரிலிருந்து லண்டனுக்கு நடந்து சென்று முறையிட்டபோது, அவர்களுக்கு முன்னின்றவரும் அவரே.

1947 ஜனவரியில், வயதெல்லை உயர்வை மீண்டும் ஒத்திவைக்கலாம் என்று சர்க்காருக்குள்ளேயே பேச்சு எழுந்தது. பொருளாதாரப் பொறுப்பு வகித்த மந்திரிகள் கூறிய காரணம் எளிது. நாட்டில் வேலைக்கு ஆள் பற்றாக்குறை. பதினான்கு வயதுச் சிறுவர்களை இன்னும் ஓராண்டு பள்ளியில் நிறுத்தினால் ஆலைகளுக்கு ஆள் குறையும் என்பது. தோட்டப்புறத்து வாசகர்களுக்கு இந்த நியாயம் மிகவும் பழக்கமானது. பிள்ளையின் கை வேலைக்கு வேண்டும் என்ற இடத்தில், பிள்ளையின் படிப்பு எப்போதும் “இப்போதைக்கு வேண்டாம்” என்றே தள்ளப்படும். அம்மையார் இணங்கவில்லை. குறித்த நாள் குறித்தபடியே நிற்கவேண்டும் என்று போராடி வென்றார். ஆனால் அந்த நாளைக் காண அவர் இருக்கவில்லை. 1947 பிப்ரவரி 6இற் காலமானார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் டாம்லின்சன், பன்னிரண்டு வயதிற் பருத்தி ஆலைக்கு வேலைக்குச் சென்றவர். இளமையிற் படிப்பை இழந்தவர் கையால், 1947 ஏப்ரல் 1 அன்று, அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஓராண்டுப் படிப்பு கூடுதலாகக் கிடைத்தது.

இத்தனை பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? அதற்காக வகுத்ததே “ஹார்சா” என்று சுருக்கப் பெயர் பெற்ற திட்டம். பள்ளி விடும் வயதை உயர்த்துவதற்கான கொட்டகை வேலை என்பது அதன் பொருள். தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் சட்டங்களை லாரியில் ஏற்றிவந்து பள்ளித் திடலில் நிறுத்தி, பலகைச் சுவர் போலக் கான்கிரீட் துண்டுகளைப் பொருத்தி, இரும்புச் சன்னல் மாட்டி, மேலே கல்நார்த் தகடு வேய்ந்தார்கள். அழகென்று ஒன்றுமில்லை, ஆயினும் விரைவில் முடிந்தது. ஆசிரியர் பற்றாக்குறைக்கும் இதே வழி. போரிலிருந்து திரும்பியவர்கள் முதலானோருக்கு ஓராண்டு அவசரப் பயிற்சி தந்து ஏறத்தாழ 35,000 ஆசிரியர்களை உருவாக்கினார்கள்.

“கொட்டகையிற் படிப்பதும் படிப்பா?” என்று கேட்டவர்கள் அங்கும் இருந்திருப்பர். ஆனால், நல்ல கட்டடம் எழும்வரை வயதெல்லை உயர்வை நிறுத்தி வைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பதினான்கு வயதில் வெளியேறியிருப்பார்கள், கட்டடமோ எழுந்திராது. இடம் கேட்டு நிற்கும் பிள்ளை வாசலில் இருந்தாலன்றிச் சர்க்காரின் பணப்பெட்டி எளிதில் திறப்பதில்லை. ஆகவே முதலிற் பிள்ளை, பின்பு கொட்டகை, அதன்பின் கட்டடம் என்ற வரிசையே சரி என்று நாம் துணிகின்றோம். மூன்றாவது படி மறக்கப்படாதிருக்க என்ன காப்பு என்பதே எஞ்சிய கேள்வி.

நாள் குறிக்கும் சட்டம்

அக்காப்பு அதே ஆண்டில் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1947 ஆகஸ்டில் நிறைவேறி, 1948 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த நகர், கிராமத் திட்டமிடல் சட்டமே அது. அதைக் கொண்டுவந்த மந்திரி லூயிஸ் சில்கின். நிலம் ஒருவருடையதாயிருப்பினும், அதில் விரும்பியதைக் கட்டும் உரிமை அவருடையதன்று. ஊருக்குப் பொறுப்பான சபையின் அனுமதி பெற்றே கட்டவேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். பெருநிலக்காரனும் சிறு கடைக்காரனும் இதில் ஒன்றே.

இந்தச் சட்டத்தில் நம் பொருளுக்குரிய ஒரு விதி உண்டு. சபையானது ஒரு கட்டடத்துக்குக் குறித்த காலத்துக்கு மட்டும் அனுமதி தரலாம். காலம் முடிந்ததும் கட்டடத்தை அகற்றி, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனையும் இடலாம். 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்விதி தொடர்கின்றது. இதன்படி ஒரு பள்ளி தற்காலிக வகுப்பறை கேட்டால், மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டு என்று தவணையிட்டு அனுமதி வருவது வழக்கம். “இன்ன நாளுக்குள் இக்கொட்டகை நீங்க வேண்டும், அது நின்ற இடத்தில் மீண்டும் புல் முளைக்க வேண்டும்” என்பதாக அந்த அனுமதிச் சீட்டு இருக்கும்.

அனுமதிக்கு முன் எவற்றைப் பார்க்கின்றார்கள் என்பதும் அறியத்தக்கது. பிள்ளைகள் விளையாடும் திடல் குறைகின்றதா? பழைய மரங்களின் வேர் அறுபடுமா? மழைநீர் வடியுமா? அண்டை வீட்டின் வெளிச்சத்தை மறைக்குமா? காலையிலும் மாலையிலும் வாகனங்கள் தெருவை அடைத்துக்கொள்ளுமா? இவற்றைப் பற்றி அண்டை வீட்டாருக்கு அறிவிப்புச் செய்வர்; பள்ளி வாசலிலும் அறிவிப்பு ஒட்டுவர். கருத்துக் கூற 21 நாள் தருவர். சிறிய கட்டடமானால் எட்டு வாரத்தில் முடிவு சொல்லவேண்டும் என்பது விதி.

இங்கு ஒரு வேடிக்கையும் உண்டு. பள்ளியை நடத்துவதும் கவுண்டி சபை; அனுமதி தருவதும் அதே சபை. தன் விண்ணப்பத்தைத் தானே விசாரிக்கும் நிலை. இதற்கும் விதி செய்திருக்கின்றார்கள். அந்த நிலத்தை அல்லது கட்டடத்தை நிர்வகிக்கும் குழுவோ உத்தியோகஸ்தரோ அந்த அனுமதியைத் தீர்மானிக்கலாகாது. கேட்பவர் கையும் கொடுப்பவர் கையும் ஒன்றாயிருப்பினும் அவற்றிடையே ஒரு திரை வேண்டும் என்பது கருத்து. நம்முடைய சங்கங்களும் கோயிற் கமிட்டிகளும் இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாற் பாதி வழக்குகள் குறைந்துபோகும்.

இன்னுமொன்று. ஒருமுறை தற்காலிக அனுமதி பெற்ற கட்டடத்துக்கு இரண்டாம் முறையும் தற்காலிக அனுமதி தருவது சாதாரணமாகத் தகாது என்று அந்நாட்டுச் சர்க்கார் சபைகளுக்கு வழிகாட்டியிருக்கின்றது. 1995இல் வந்த சுற்றறிக்கையிலும், இன்றுள்ள வழிகாட்டியிலும் இக்கருத்து உள்ளது. தவணை முடிந்தால் ஒன்று நிரந்தரமாக ஏற்றுக்கொள், அல்லது அகற்று, மூன்றாவதாக ஒரு நழுவல் வேண்டாம் என்பது இதன் பொருள்.

சட்டம் இருந்தும் கொட்டகை நின்றது

இவ்வளவு சட்டம் இருந்தும் கொட்டகைகள் நீங்கினவா? பெரும்பாலும் இல்லை என்பதே உண்மை. சில ஆண்டுகளுக்கென்று நிறுத்திய ஹார்சாக் கொட்டகைகள் பல தலைமுறைப் பிள்ளைகளைக் கண்டன. இருபத்தோராம் நூற்றாண்டிலும் சில பயன்பாட்டில் இருந்தன. பிற்காலத்து மரக் கொட்டகைகளுக்கும் பெட்டி வகுப்பறைகளுக்கும் தவணை முடிந்தபோது, வழிகாட்டி ஒருபுறம் இருக்க, மீண்டும் மீண்டும் தவணை நீட்டிய சபைகள் பல.

இதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, பிள்ளைகளின் வரவு நிற்கவில்லை. 1947ஆம் ஆண்டில் மட்டும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 881,000 குழந்தைகள் பிறந்தன. போர் முடிந்து வீடு திரும்பியவர்களின் பிள்ளைகள் அவர்கள். 1952இல் அவர்கள் பள்ளி வாசலுக்கு வந்தபோது, இருக்கின்ற எந்தக் கொட்டகையையும் அகற்ற எவருக்கு மனம் வரும்? இரண்டாவது, பணம். வயதெல்லையைப் பதினாறாக உயர்த்தக் குறித்த நாளை, நாணய மதிப்புக் குறைந்த நெருக்கடியைக் காட்டி 1968 ஜனவரியிற் சர்க்கார் தள்ளிவைத்தது. அதை ஏற்காத லாங்ஃபோர்டு பிரபு மந்திரி பதவியையே துறந்தார். இறுதியில் 1972 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தபோது, முன்போலவே அவசர அவசரமாகப் புதிய வகுப்பறைக் கட்டடங்கள் பள்ளிகளில் எழுந்தன. மூன்றாவது, மனித இயல்பு. கொட்டகையாவது உள்ள பள்ளியைக் காட்டிலும், அதுவுமில்லாத பள்ளிக்கே முதற் பணம் போகும். கொட்டகை பெற்றவர் வரிசையிற் பின்னே தள்ளப்படுவர். 2001க்குப் பின் பிறப்பு மீண்டும் பெருகி, நகரத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரே ஓர் ஆண்டுக்கென்று கூடுதல் வகுப்புச் சேர்க்க வேண்டி வந்தபோதும் கதை இதுவே.

அப்படியானால் தவணையிட்டதால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. தவணை முடியும்போதெல்லாம் பள்ளி மீண்டும் மனுச் செய்யவேண்டும், வாசலில் மீண்டும் அறிவிப்பு ஒட்டவேண்டும், “ஐந்தாண்டு முன்பும் இதையே சொன்னீர்களே, கட்டடம் எங்கே?” என்று பெற்றோரும் அண்டை வீட்டாரும் எழுதிக் கேட்கலாம், சபையினர் அதற்கு ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும். சட்டத்தால் கட்டடத்தைக் கொண்டுவர முடியவில்லை. ஆனால் கேள்வி சாகாமற் காத்தது. கேள்வி உயிரோடிருக்கும்வரை நம்பிக்கைக்கு இடமுண்டு.

“நிரந்தரம்” என்ற சொல்லையும் நாம் கண்ணை மூடி நம்பலாகாது என்பதற்கும் அதே நாட்டில் அண்மைக் காலச் சான்று உண்டு. 1950களிலிருந்து 1990கள் வரை பல பள்ளிகளின் கூரைக்குக் காற்றறைகள் நிறைந்த இலேசான ஒருவகைக் கான்கிரீட் பலகைகளைப் பயன்படுத்தினார்கள். அவை காலப்போக்கில் வலுவிழப்பவை. 2018இல் கெண்ட் மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் கூரை இடிந்து விழுந்தது. அது விடுமுறை நாளாதலின் உயிர்ச்சேதம் இல்லை. 2023 ஆகஸ்டு 31 அன்று, பள்ளி திறக்கச் சில நாட்களே இருக்கையில், நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் இத்தகைய கூரையுள்ள பகுதிகளை மூடுமாறு உத்தரவு பிறந்தது. கட்டடத்தை விட்டுப் பிள்ளைகள் மீண்டும் தற்காலிகப் பெட்டி வகுப்பறைக்கே சென்றார்கள். கொட்டகைக்குத் தவணை வேண்டியது போலவே, கட்டடத்துக்கும் சோதனை நாள் வேண்டும் என்பதையன்றி இது வேறென்ன கற்பிக்கின்றது?

நம்மவர் நிலை

இனி நம்முடைய வாசலுக்கு வருவோம். மலாய்க் கூட்டு நாடுகளில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. பள்ளிக்கூடம் என்று பெயர் வந்தது. கட்டடம் எங்கும் வந்ததா? பல தோட்டங்களில் ஓர் ஒதுக்குக் கொட்டகையோ, கோயில் மண்டபமோ, லயத்தின் ஒரு மூலையோ பள்ளியாயிற்று. எழுத்தறிந்த கிராணியோ கங்காணியோ ஆசிரியரானார். தமிழ்ப் பள்ளிகளைப் பார்வையிடத் தனி இன்ஸ்பெக்டர் வந்தது 1930இற்றான்.

இங்கிலாந்துக் கொட்டகைக்கும் தோட்டத்துக் கொட்டகைக்கும் உள்ள வேற்றுமை கூரையிலும் சுவரிலும் இல்லை. அங்கே நிலம் பொதுச் சபையினது. கொட்டகைக்கு நாள் குறிக்க ஒரு சட்டம் உண்டு. நாள் முடிந்தாற் கேள்வி கேட்க ஊராருக்கு இடமுண்டு. இங்கே நிலம் கம்பெனியினது. கொட்டகை நிற்பதும் விழுவதும் துரையின் விருப்பம். நாள் குறிக்கப்படவில்லை, ஆதலின் நாள் முடியவும் இல்லை. தவணையில்லாத கொட்டகையிலேயே தாத்தனும் தந்தையும் மகனும் படித்தார்கள்.

நிலம் பிறருடையது என்பதன் விளைவு சுதந்திரத்திற்குப் பின்னும் தீரவில்லை. 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சமே உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே நிலம் வாங்கிக் காத்துக்கொள்ளட்டும் என்று துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாயின. மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தனர். தோட்டத்துப் பள்ளி பிள்ளையின்றி வாட, பட்டணத்துப் பள்ளி இடமின்றித் திணறும் நிலை வந்தது. அரசாங்க நிலத்தில் நிற்கும் பள்ளி முழு உதவி பெறுகின்றது. தனியார் நிலத்தில் நிற்பது பகுதி உதவியே பெறுகின்றது. ஆசிரியர் சம்பளம் வருகின்றது. கட்டடப் பணத்துக்கு மட்டும் மேலாளர் வாரியமும் பெற்றோரும் கையேந்த வேண்டியிருக்கின்றது. அவ்விடத்தில்தான் “இப்போதைக்கு” என்ற சொல் மீண்டும் காதில் விழுகின்றது.

அச்சொல் விழும்போது நம்மவர் கேட்கவேண்டியவை நான்கு. பள்ளி நிற்கும் நிலத்தின் பட்டா யார் பெயரில் உள்ளது? இந்தத் தற்காலிக அறைக்கு அனுமதி தந்த கடிதம் எங்கே, அதில் எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கின்றது? அந்த ஆண்டு முடியும் நாளிற் பதில் சொல்ல வேண்டியவர் எந்த இலாகாவின் எந்த உத்தியோகஸ்தர்? நிரந்தரக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியாயிற்றா, அல்லது வாயால் மட்டும் சொல்லப்பட்டதா? இந்நான்குக்கும் வந்த விடையை எழுதி, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் ஒட்டி வைக்கவேண்டும். நிர்வாகிகள் மாறலாம், மந்திரிகள் மாறலாம், ஏட்டில் எழுதிய தேதி மாறாது.

எழுதப் படிக்க நன்கறிந்தவர் மட்டுமே இதைச் செய்ய முடியும் என்று எவரும் ஒதுங்கவேண்டாம். தேதியைக் கேட்க உயர்ந்த படிப்பு வேண்டியதில்லை. தோட்டத்திற் பால் வெட்டிய கைக்கும் பட்டணத்திற் கடை நடத்தும் கைக்கும் அந்த உரிமை ஒன்றே. மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளி வீட்டிற் பிறந்த ஒரு பெண், “குறித்த நாள் குறித்தபடியே நிற்கவேண்டும்” என்று மந்திரிகளுக்கு நடுவே நின்று சாதித்தார். நாம் நம் பள்ளிக் கூட்டத்திலேனும் நின்று கேட்கலாகாதா?

கொட்டகை வரட்டும், பிள்ளைகள் இன்றே உட்காரட்டும். ஆனால் அதன் வாசற்காலில் ஒரு தேதி எழுதப்பட்டிருக்கட்டும். அந்தத் தேதியை மறவாதிருப்பது சர்க்காரின் கடமையைக் காட்டிலும் நம்முடைய கடமை.